5,400 மணி நேரமும் ஒரு செயலியும்

ஐந்தாண்டுச் சட்டப்படிப்பில் சேரும் மாணவி வகுப்பறைக்குத் தர வேண்டிய நேரம் 5,400 மணி. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளிலிருந்து நேராக வரும் கணக்கு இது. செமஸ்டருக்குக் குறைந்தது 18 வாரம், வாரத்துக்குக் குறைந்தது 30 வகுப்பு மணி, மொத்தம் 10 செமஸ்டர். மூன்றாண்டுப் படிப்பென்றால் செமஸ்டருக்கு 15 வாரம், 6 செமஸ்டர், ஆக 2,700 மணி. வாரத்தின் 30 மணியில் 24 மணியாவது விரிவுரையாக இருக்க வேண்டும்; மீதி டியூட்டோரியல், மூட் கோர்ட் என்னும் மாதிரி நீதிமன்றம், கருத்தரங்கு.

இந்தப் படிப்போடு ஒரு தொழில்நுட்பத் தொழிலையும் நடத்தினால் கணக்கு எப்படி இருக்கும்? மாதிரிக்கு ஒரு மாணவியை வைத்துக்கொள்வோம். சென்னையைச் சேர்ந்தவர், அரசு சட்டக் கல்லூரியில் படிக்கிறார். வக்கீல்களுக்கு ஒரு வழக்கு நாட்குறிப்புச் செயலி செய்திருக்கிறார். அடுத்த வாய்தா எப்போது, நீதிமன்றத்தின் அன்றாட வழக்குப் பட்டியலான காஸ் லிஸ்ட்டில் எத்தனையாவது எண், எதிருரை தாக்கல் செய்யக் கடைசி நாள் எது என்பதையெல்லாம் வக்கீலுக்கும் அவருடைய குமாஸ்தாவுக்கும் தமிழில் அனுப்பும் செயலி. கட்டணம் மாதம் 250 ரூபாய், ஆண்டுக்கு 3,000. கீழே வரும் விதிகளும் அரசுக் கட்டணங்களும் உண்மையானவை. அவருடைய விலை, வாடிக்கையாளர் எண்ணிக்கை, நேரப் பங்கீடு ஆகியவை மட்டும் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை.

நேரத்திலிருந்து தொடங்குகிறேன். இந்த மாணவியிடம் பணத்தைவிடக் குறைவாக இருப்பது அதுதான்.

வாரத்துக்கு 168 மணி. இரவு 7 மணி நேரத் தூக்கத்துக்கு 49. முறையான படிப்பு என்றால் நாளுக்கு 5 மணி வகுப்பும் அரை மணி இடைவேளையும் என்பது விதி. ஆறு நாளுக்கு 33. போகவர நாளுக்கு 2 மணி என்றால் 12. இது மிகையில்லை. உயர் நீதிமன்ற வளாகத்தில் இருந்த சென்னைச் சட்டக் கல்லூரி 2018இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் பிரிந்து போய்விட்டது. முன்பு வகுப்பு முடிந்து வெளியே வந்தாலே நீதிமன்றம். எதிரே தம்புச்செட்டித் தெருவிலும் அரண்மனைக்காரத் தெருவிலும் சீனியர் வக்கீல்களின் அலுவலகங்கள். வக்கீல்களை வாடிக்கையாளராகக் கொண்ட மாணவிக்கு அந்த இடமாற்றம் தினம் தினம் எழுதப்படும் செலவு.

ஒரு மணி விரிவுரைக்கு ஒரு மணி வாசிப்பு என்று வைத்தால் 24. குளிக்க, சாப்பிட, துணி துவைக்க நாளுக்கு இரண்டரை மணி என்றால் 17.5. கூட்டினால் 135.5. மிச்சம் 32.5 மணி. அதில் வீட்டுக்கும் நண்பர்களுக்கும் உடம்பு சரியில்லாத நாளுக்கும் 8.5 மணி ஒதுக்கினால் தொழிலுக்கு வாரம் 24 மணி கிடைக்கும்.

ஆண்டுக்கு வகுப்பு நடக்கும் 36 வாரத்தில் இது 864 மணி. மீதி 16 வாரத்தில் தேர்வுக்கும் அதற்கு முந்தைய படிப்புக்கும் 6 வாரம், இன்டர்ன்ஷிப்புக்கு 4 வாரம் போகும். ஐந்தாண்டில் 20 வார இன்டர்ன்ஷிப் கட்டாயம்; ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக 4 வாரத்துக்கு மேல் கூடாது. ஆகவே ஆண்டுதோறும் 4 வாரம் முடித்தால்தான் கணக்கு நேராகும். எஞ்சும் 6 வாரத்தில் வாரம் 50 மணி உழைத்தால் 300. மொத்தம் ஆண்டுக்கு 1,164 மணி. வாரம் 48 மணி வீதம் 50 வாரம் வேலை செய்பவரின் ஆண்டு 2,400 மணி. நம் மாணவியின் தொழிலாண்டு அதில் பாதிகூட இல்லை. முழுநேரம் உழைக்கும் போட்டியாளர் ஓராண்டில் முடிப்பதை இவர் முடிக்க இரண்டாண்டுக்கு மேல் ஆகும். முதலீட்டாளரிடம் காட்டும் திட்டத்தில் இந்த ஒரு வரி இல்லையென்றால் மற்ற எண்கள் எல்லாம் தவறாகத்தான் இருக்கும்.

வகுப்பைக் கட் அடித்து நேரம் சேர்க்கலாமே என்று தோன்றும். ஒரு செமஸ்டரின் 540 மணியில் 70 விழுக்காடு என்பது 378. மிஞ்சும் 162 மணி, அதாவது வாரத்துக்கு 9 மணி. ஆனால் விதி 12இன்படி 70 விழுக்காடு ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியே வேண்டும். பிடிக்காத ஒரு பாடத்தை மொத்தமாக ஒதுக்கிவிட்டு நேரம் எடுக்க வழியில்லை. அசாதாரணமான காரணம் இருந்தால் ஒரு பாடத்தில் 65 விழுக்காடு போதும் என்று முதல்வர் சலுகை தரலாம். பல மாணவர்கள் இதை 5 விழுக்காடு கூடுதல் நேரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சலுகையின் அடுத்த வரியையும் படிக்க வேண்டும்: எல்லாப் பாடமும் சேர்ந்து 70 விழுக்காடு இருந்தே ஆக வேண்டும். ஆகவே மொத்தத்தில் இந்தச் சலுகையால் கிடைக்கும் நேரம் 0 மணி. ஒரு பாடத்தில் விட்டதை இன்னொரு பாடத்தில் உட்கார்ந்து ஈடுகட்டலாம், அவ்வளவே. அந்த 162 மணியும் காய்ச்சலுக்கும் அக்கா கல்யாணத்துக்கும் சேர்த்துத்தான்.

இங்கே அரசின் இரண்டு கைகள் வெவ்வேறு பக்கம் இழுக்கின்றன. 2019இல் மத்தியக் கல்வித் துறை வெளியிட்ட மாணவர், ஆசிரியர்களுக்கான புத்தாக்க, புத்தொழில் கொள்கை, தொழில் தொடங்கிய மாணவர்களை வருகைப்பதிவு குறைந்தாலும் கல்லூரி அனுமதியோடு தேர்வெழுத விடச் சொல்கிறது. பொறியியல் மாணவருக்கு அது பயன்படலாம். சட்ட மாணவிக்குத் தலைக்கு மேலே பார் கவுன்சில் இருக்கிறது. 2024 செப்டம்பரில் அது அனுப்பிய சுற்றறிக்கை கண்காணிப்பை இன்னும் இறுக்கியது. பயோமெட்ரிக் வருகைப்பதிவும் வகுப்பறையில் கேமராவும் வேண்டும் என்றது. படிப்புக் காலத்தில் எந்த வேலையிலோ தொழிலிலோ இருக்கவில்லை, இருந்தால் தடையில்லாச் சான்று பெற்றேன் என்று மாணவர் உறுதிமொழி தர வேண்டும் என்றும் கேட்டது. 2025 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் எதிர்த்திசையில் போனது. வருகை குறைந்ததற்காகச் சட்ட மாணவர் எவரையும் தேர்விலிருந்து தடுக்கக் கூடாது, அதிகபட்சம் மதிப்பெண்ணில் 5 விழுக்காடு குறைக்கலாம் என்றது. 2016இல் ஒரு மாணவரின் உயிர் போன வழக்கில் வந்த உத்தரவு அது. அந்தத் தீர்ப்பை நம்பி வகுப்பைக் கைவிடும்படி யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். தடையில்லாச் சான்றை முதலாண்டிலேயே எழுத்தில் வாங்கி வையுங்கள் என்று மட்டும் அழுத்திச் சொல்வேன். அதன் விலை ஒரு வெள்ளைத்தாள். அது இல்லாமல் போனால் வரும் சிக்கல் ஐந்தாண்டுப் படிப்பையே தொடும்.

அமெரிக்காவிலும் இந்த இழுபறி இருந்தது. முழுநேரச் சட்ட மாணவர் வாரம் 20 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்ற வரம்பை அமெரிக்க பார் அசோசியேஷன் 2014இல்தான் நீக்கியது. அதற்கு இரண்டாண்டு முன்பே, 2012இல், ஸ்டான்ஃபோர்டின் சட்ட மாணவர்கள் இருவர் ரேவல் லா என்ற தீர்ப்புத் தேடல் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஹார்வர்டு சட்ட நூலகத்தின் தீர்ப்புத் தொகுதிகளை, ஏறத்தாழ 4 கோடிப் பக்கங்களை, எண்மமாக்கும் திட்டத்தில் அது பங்கேற்றது. 2017இல் லெக்ஸிஸ்நெக்ஸிஸ் அதை வாங்கியது. அங்கே படித்து முடித்தபின் நிறுவனத்தைத் தொடர்ந்து நடத்த எந்தத் தடையும் இல்லை. இங்கே உண்டு, கடைசியில் வருகிறேன்.

இப்போது வரவு. 120 வக்கீல்கள் சேர்ந்தால் ஆண்டுக்கு 3,60,000 ரூபாய். போட்டியாளரின் விலையைப் பக்கத்திலேயே எழுத வேண்டும்: 0. அரசின் இ-கோர்ட்ஸ் செயலி இலவசம். வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா தெரிந்துவிடும். அந்தத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு மட்டும் 2023இல் மத்திய அரசு ஒதுக்கியது 7,210 கோடி ரூபாய். ஆகவே தேதியைக் காட்டுவதற்கு யாரும் பணம் தரப்போவதில்லை. குமாஸ்தாவின் கைபேசிக்கு முந்தின நாள் மாலையே தமிழில் போய்ச் சேரும் நினைவூட்டலுக்கும், கூப்பிட்டால் போனை எடுக்கும் ஓர் ஆளுக்கும்தான் அந்த 250 ரூபாய்.

போனை எடுக்க ஆகும் நேரம் வாடிக்கையாளருக்கு மாதம் 10 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 2 மணி. 120 பேருக்கு 240 மணி. 400 பேர் சேர்ந்தால் வருமானம் 12 லட்சம், போன் 800 மணி; செயலியைத் திருத்தவும் புதுப்பிக்கவும் மிஞ்சுவது 364 மணி. 582 பேரைத் தொடும்போது 1,164 மணியும் தீர்ந்துவிடும். அப்போது வருமானம் 17,46,000 ரூபாய். சேவைத் தொழிலுக்கு ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமாகும் வரம்பு 20 லட்சம். தனியாளாக நடத்தும் சட்ட மாணவி அந்த வரம்பைத் தொடும் முன்பே நேரம் தீர்ந்து நின்றுவிடுவார். சந்தையில் வக்கீல்களுக்குப் பஞ்சமில்லை. தடுப்பது அவருடைய கடிகாரம்.

அதிலும் எந்த நேரத்து மணி என்பது முக்கியம். வக்கீல்கள் கூப்பிடுவது காலையில் நீதிமன்றம் 10.30க்குக் கூடும் முன்பும், மாலையில் அலுவலகத்தில் கட்சிக்காரர்கள் வந்து காத்திருக்கும்போதும். காலை நேரம் மாணவிக்குப் பேருந்திலும் முதல் வகுப்பிலும் போகிறது. இரவு 11 மணிக்குக் கையிலிருக்கும் ஒரு மணி நேரம் நிரல் எழுத உதவும், வாடிக்கையாளரைக் காப்பாற்ற உதவாது. முதல் 50,000 ரூபாய் மிச்சமானதும் அதைக் காலையில் இரண்டு மணி நேரம் போன் எடுக்கும் பகுதிநேர ஆளுக்குக் கொடுப்பதே சரி. விளம்பரத்துக்குக் கொடுப்பவர்களைப் பார்க்கிறேன். அது இந்தக் கணக்குக்குப் பொருந்தாது.

வரவுப் பக்கத்தில் வேறு இரண்டு இனங்களைச் சட்டமே அடித்துவிடுகிறது. ஒன்று, சட்ட ஆலோசனைக் கட்டணம். வழக்குரைஞர் சட்டம் 1961இன்படி தொழில் செய்யும் உரிமை பதிவு பெற்ற வழக்குரைஞருக்கு மட்டுமே. நீதிமன்றத்துக்கு வெளியே தரும் ஆலோசனையும் அந்தத் தொழிலில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. ஆக, அந்த வரியில் 0. இரண்டாவது, வக்கீலுக்குக் கட்சிக்காரர் பிடித்துக்கொடுக்கும் கமிஷன். வக்கீல்கள் விளம்பரம் செய்யவோ ஆள் பிடிக்கவோ கூடாது என்பது பார் கவுன்சில் விதி 36. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் வக்கீல்களைப் பட்டியலிட்டு விற்கும் இணையதளங்கள்மீது நடவடிக்கை எடுக்கும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அந்த வரியிலும் 0. சட்டத் தொழில்நுட்பம் என்றதும் முதலில் தோன்றும் இரண்டு யோசனைகளும் இப்படிப் போய்விடுகின்றன. சட்ட மாணவி என்பதால் இது அவருக்கு முதல் நாளிலேயே தெரிந்திருக்கும். பொறியாளர் ஆறு மாத உழைப்பைக் கொட்டிவிட்டு நோட்டீஸ் வந்தபின் தெரிந்துகொள்வார். படிப்பு தொழிலுக்குத் தரும் முதல் லாபம் இது என்று கணக்கில் எழுதலாம்.

தொடக்கச் செலவு சிறியதுதான். தனிநபர் தொழிலாகத் தொடங்கினால் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. கூகுள் பிளேயில் வெளியிட ஒரு முறை 25 டாலர், ஆப்பிளில் ஆண்டுதோறும் 99 டாலர். பெயரை வணிகக் குறியாகப் பதிய, தனிநபர் இணையம் வழி விண்ணப்பித்தால் பொருள், சேவை வகுப்பு ஒன்றுக்கு 4,500 ரூபாய். மென்பொருளுக்கு 9, 42 என இரண்டு வகுப்பு எடுத்தால் 9,000. அது பத்தாண்டு நிற்கும். நிரலுக்குப் பதிப்புரிமைப் பதிவு 500 ரூபாய். மூல நிரலின் முதல் 10 பக்கமும் கடைசி 10 பக்கமும் கொடுத்தால் போதும். சந்தாவை யு.பி.ஐ. மூலம் நேரடியாக வாங்கினால் வணிகர் கட்டணம் 0; செயலிக் கடையின் வழி வந்தால் 15 விழுக்காடு, அதாவது 250இல் 37.50.

நிறுவனமாகப் பதிந்தால் வேறு கணக்கு. பெயர் ஒதுக்கீட்டுக்கு 1,000 ரூபாய். 15 லட்சம் வரை மூலதனம் என்றால் பதிவுக் கட்டணம் 0. நுழைவது எளிது. உள்ளே வந்தபின் ஆண்டுதோறும் ஆடிட்டர் கட்டாயம், விற்பனை ஒரு ரூபாய்கூட இல்லாவிட்டாலும். பொதுக்குழுவைச் செப்டம்பர் 30க்குள் கூட்ட வேண்டும். அதிலிருந்து 30 நாளில் நிதியறிக்கை, 60 நாளில் ஆண்டறிக்கை. இந்த நாள்கள் அக்டோபர் இறுதியிலும் நவம்பர் இறுதியிலும் விழுகின்றன. சட்டக் கல்லூரியில் அது செமஸ்டர் தேர்வுக் காலம். தாமதத்துக்குப் படிவம் ஒன்றுக்கு நாளுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு கிடையாது. இரண்டு படிவமும் 90 நாள் தள்ளிப்போனால் 18,000 ரூபாய். ஆறு வக்கீல்களின் ஓராண்டுச் சந்தா அது. தேர்வு கெடக் கூடாது என்று படிவத்தைத் தள்ளிவைத்ததற்கு வரும் தண்டனை இது. குறைந்த மூலதனத்தில் மாணவர்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு ஓர் உச்சவரம்பாவது வைப்பது நியாயம் என்றே நினைக்கிறேன்.

வரியிலும் இடைவெளி பெரியது. ஆண்டு லாபம் 6 லட்சம் என்று வைப்போம். தனிநபர் தொழிலென்றால், 12 லட்சம் வரை தள்ளுபடி உள்ள புதிய வரிமுறையில் வரி 0. அதே லாபம் 22 விழுக்காட்டு விகிதத்தைத் தேர்ந்த நிறுவனத்தில் இருந்தால், கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்ந்து 25.168 விழுக்காடு; 1,51,008 ரூபாய். வரம்புறு பொறுப்புக் கூட்டாண்மை (எல்.எல்.பி.) என்றால் 31.2 விழுக்காடு, 1,87,200. இயக்குநர் சம்பளம், பங்குதாரர் ஊதியம் என்று எடுத்துக்கொண்டால் இது குறையும். ஆனால் அதற்கும் தாள், தீர்மானம், ஆடிட்டர் என்று மணிக்கணக்கு ஓடும். படிக்கும் காலத்தில் மலிவானது தனிநபர் தொழில். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

ஒரு செலவை மட்டும் குறைத்து மதிப்பிடக் கூடாது. வக்கீலின் செயலியில் இருப்பது கட்சிக்காரரின் குடும்பத் தகராறு, பிணை மனு, கடன் விவரம். எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இன்படி போதிய பாதுகாப்பு வைக்காத நிறுவனத்துக்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. மாதம் 250 ரூபாய் வாங்கும் செயலிக்கு 250 கோடி வரை விதிக்கப்படும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் கட்சிக்காரரின் பெயரைச் சேமிக்காமல் வழக்கு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வேலை நடக்குமா என்று முதல் வாரத்திலேயே யோசிக்க வைக்க அந்த எண் போதும்.

இந்தத் தலைமுறைச் சட்ட மாணவர்களுக்குத் தனியாக ஒரு செலவும் வந்தது. 2024 ஜூலை 1 அன்று மூன்று குற்றவியல் சட்டங்கள் மாறின. 511 பிரிவுகள் கொண்ட இந்தியத் தண்டனைச் சட்டம் போய் 358 பிரிவுகளோடு புதியது. குற்றவியல் நடைமுறை 531 பிரிவு. சாட்சியம் 170 பிரிவு. 302 என்று மனத்தில் பதிந்திருந்த கொலைத் தண்டனை 103 ஆனது. 2022இல் சேர்ந்தவர் பாதியில் மறுபடி படித்தார். பழைய வழக்குகளில் பழைய எண்ணும் புதியவற்றில் புதிய எண்ணும் வர வேண்டும் என்பதால் செயலியிலும் இரட்டைப் பட்டியல் வைக்க வேண்டியதாயிற்று. அந்த ஒரு வேலையில் மட்டும் படித்த மணியும் தொழில் மணியும் ஒன்றாகக் கலந்தன. பட்டியல் தயாரித்தவருக்குத் தேர்வு எளிதாகியிருக்கும்.

இனி, பட்டம் வாங்கியபின் வரும் கணக்கு. வழக்குரைஞராகப் பதியச் சட்டம் குறித்திருக்கும் கட்டணம் மாநில பார் கவுன்சிலுக்கு 600, இந்திய பார் கவுன்சிலுக்கு 150, ஆக 750 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 125. மாநில பார் கவுன்சில்கள் இதற்கு மேல் பல ஆயிரம் வாங்கிக்கொண்டிருந்தன. ஒடிசாவில் அது 42,100 ரூபாய் வரை போனது. 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது.

அந்த 750 ரூபாயைக் கட்டும் நாளில்தான் உண்மையான விலை தெரியும். பார் கவுன்சில் விதி 47இன்படி வழக்குரைஞர் தானே எந்த வணிகத்திலும் ஈடுபடக் கூடாது. வேலையில் தலையிடாத உறங்கும் பங்காளியாக இருக்கலாம், அதுவும் அந்த வணிகம் தொழிலின் கண்ணியத்துக்கு ஒத்தது என்று மாநில பார் கவுன்சில் கருதினால். விதி 48இன்படி நிறுவனத்தின் இயக்குநராகவோ தலைவராகவோ இருக்கலாம், நிர்வாகப் பொறுப்பு எதுவும் இல்லாமல். நிர்வாக இயக்குநராகவோ செயலராகவோ இருக்க முடியாது. மருத்துவராக இருந்துகொண்டே வழக்குரைஞராகப் பதியக் கேட்டவருக்கு 1996இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. சட்டத் தொழில் முழுநேரத்தைக் கேட்பது என்பது அதன் காரணம்.

மேலே போட்ட கணக்கோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். வரியும் ஆடிட்டரும் இல்லாத தனிநபர் தொழில் ஐந்தாண்டும் மலிவு; பதிவு நாளன்று அதை வைத்திருக்கவே முடியாது. ஐந்தாண்டும் செலவு வைக்கும் நிறுவனம்தான் அன்று கைகொடுக்கும்: பங்கை வைத்துக்கொள்ளலாம், நிர்வாகத்தை விட்டு விலகலாம். ஆகவே முதல் மூன்றாண்டு தனிநபர் தொழிலாக நடத்தி, நான்காமாண்டில் நிறுவனமாக மாற்றுவதே என் கணக்கில் சரியாக வருகிறது. அப்படி மாற்றும்போது நிரலின் பதிப்புரிமையை எழுத்தில் நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் பதிப்புரிமைச் சட்டம் அதை 5 ஆண்டு என்றும், எந்தப் பகுதிக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளும். வழக்குரைஞர் ஆகப்போகாத ஒரு பங்காளி, பெரும்பாலும் நிரல் தெரிந்த நண்பர், அப்போதே உள்ளே வந்திருக்க வேண்டும். ஐந்தாமாண்டின் கடைசி செமஸ்டரில் ஆள் தேடினால் பங்கைப் பேரம் பேசும் பலம் மாணவியிடம் இருக்காது.

செயலியை விட மனமில்லாதவர் பதிவையே தள்ளிப்போடலாம். பதிந்தபின் தொழிலைத் தானே நிறுத்திவைப்பதாக மாநில பார் கவுன்சிலுக்கு எழுதிக்கொடுக்கவும் வழியுண்டு. 45 வயதைக் கடந்தவர்களை வழக்குரைஞராகப் பதிய மறுத்த விதி ஒன்று முன்பு இருந்தது. 1995இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. இருபத்து மூன்று வயதில் பட்டம் வாங்கி, நிறுவனத்தை இருபத்தைந்து ஆண்டு நடத்தி விற்றுவிட்டு வந்தாலும் பதிவுக் கட்டணப் பத்தியில் எழுத வேண்டியது சட்டத்தில் உள்ள அதே தொகைதான்.